மேல்கண்

மார்ச் 7, வெள்ளி

காற்று: லேசான கொண்டல். தண்ணீர்: தெளிவு, ஆறு பாகம் (ஆறு ஆள் ஆழம்) வரை தரை தெரிந்தது. நீரோட்டம்: தெற்கே, மெதுவாக. எனக்கு விளமீன் நான்கு, பாறை மீன் இரண்டு. மைத்துனன் ஒலிவருக்கு விளமீன் மூன்று, அதில் ஒன்று சுண்டுவிரல் நீளம். சுண்டுவிரல் என்று எழுதியதைப் பார்த்தால் சண்டைக்கு வருவான். உள்ளங்கை நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

இது புது நோட்டு, ஐந்தாவது. ஒன்பது வருடமாகக் கடலுக்குப் போகும் நாளெல்லாம் எழுதி வருகிறேன். பிரிஸ்காவுக்கு இது 'உங்க வேதாகமம்'. திருமண நாளை மறப்பேனாம், எந்தத் தேதியில் எத்தனை மீன் என்று மட்டும் சொல்வேனாம். உண்மைதான், மறுக்க முடியாது.

ஒவ்வொரு நோட்டிலும் முதல் பக்கத்தில் எங்கள் சட்டத்தை எழுதி வைப்பது வழக்கம். ஈட்டித் துப்பாக்கியோடு மூச்சடக்கி முங்குகிறவர்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவன் முங்கினால் மற்றவன் மேலே மிதக்க வேண்டும். அவன்தான் மேல்கண். மேல்கண் மீன் பார்க்கக் கூடாது, வேடிக்கை பார்க்கக் கூடாது. முங்கியவனையும் நான்கு திசையையும் மட்டும் பார்க்க வேண்டும். அது வந்தால், இடுப்பில் கட்டியிருக்கும் ஈயக்கட்டியில் ஈட்டியால் மூன்று தட்டு. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். குத்திய மீனை உடம்பில் கட்டவே கூடாது, ரத்தம் கசியும். அவரவர் மிதவைக் கேனுக்குக் கீழே கயிற்றில் கோக்க வேண்டும், எங்களை ஏற்றி வந்த போட்டு பக்கத்தில் வந்தால் உடனே ஏற்றிவிட வேண்டும்.

'அது' என்றால் எது என்று கடலில் நாங்கள் சொல்வதில்லை. பேரைச் சொன்னால் வரும் என்று ஒரு பழக்கம். நோட்டு கரையில்தானே இருக்கிறது, எழுதலாம். சுறா. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் சுறா கடித்த ஆள் யாரும் இல்லை. மோட்டார் சைக்கிள் கடித்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

மார்ச் 8, சனி

காற்று கூடுதல். போகவில்லை. துப்பாக்கிக்கு ரப்பர் மாற்றினேன். பிரிஸ்கா மிக்சியையும் பழுதுபார்க்கக் கொடுத்தாள். அது இப்போது முன்னைவிட மோசம்.

மார்ச் 10, திங்கள்

காற்று: இல்லை. தண்ணீர்: கண்ணாடி. இடம்: ஏழுபாகப் பார், கடலடிப் பாறைத் திட்டு. விளமீன் மூன்று. ஒலிவருக்கு இரண்டு.

கடைசி முங்கலில் பாரின் கிழக்கு ஓரத்தில் ஒரு பொந்து பார்த்தேன். உள்ளே களவா. பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அது வாயைத் திறந்தால் என் தலை நுழையும். குறி பார்ப்பதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. தவக்காலத்தில் இப்படி ஒரு மீன் இறக்கினால் மூன்று நாள் மீன் ஏலக்கடையில் என் பேச்சுதான்.

ஏறும்போது, பார் முடிந்து ஆழம் நீலமாகிற விளிம்பில் அது போனது. ஆளைவிடப் பெரியது. என் பக்கம் திரும்பவில்லை, தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒலிவர் முங்கும் கண்ணாடியில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அதைக் கழுவிக்கொண்டு மிதந்தான். பார்க்கவில்லை.

போட்டில் சொல்லவில்லை. கடலில் சொல்வதில்லை. கரைக்கு வந்ததும் மீன் இறக்குகிற அவசரம், பிறகு பசி. ஒலிவர் பயந்த சுபாவம். சொன்னால் பத்து நாள் அந்தப் பார் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். அதற்குள் களவாவை வேறு யாராவது தூக்கிவிடுவான். போனது போய்விட்டது. நாளையும் ஏழுபாகப் பார்தான்.

மார்ச் 15, சனி

அரசு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். நோட்டையும் பேனாவையும் கேட்டபோது பிரிஸ்கா அழுதாள். நல்ல அழுகைதான் என்று நர்ஸ் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன், மறந்துவிடக் கூடாது. காலையில் இரண்டு விளமீன் குத்தி, இரண்டையும் போட்டுக்காரர் சூசைமணி அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒலிவர் தன் கேனுக்குக் கீழே ஐந்து மீன் கோத்திருந்தான். அவனுக்கு அன்று நல்ல நாள், அதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். பத்தரை மணிக்கு நான் களவாவுக்காக முங்கினேன். ஒலிவர் மேல்கண். பொந்து காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன். தட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மூச்சு முட்டியதும், கல் கட்டித் தரையில் இறக்கியிருந்த என் கேன் கயிற்றைப் பிடித்து ஏறினேன்.

பாதி வழியில் மேலே பார்த்தேன். என் கேனுக்குக் கீழே ஏதோ கொத்தாக ஆடியது. வெயில் கண்ணில் அடித்ததால் சரியாகத் தெரியவில்லை. ஒலிவரையும் காணவில்லை. அதற்குள் வலது காலை யாரோ பிடித்து உலுக்கிவிட்டு விட்டதுபோல் இருந்தது. வலி உடனே இல்லை. தண்ணீர் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் வலித்தது.

ஒலிவர் போட்டிலிருந்து குதித்து வந்து என்னை இழுத்துப் போட்டான். துப்பாக்கி ரப்பரை அறுத்து முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டினான். அந்த ரப்பர் இல்லாவிட்டால் கரை சேர்ந்திருக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார். கெண்டைக்கால் சதையில் பாதி போய்விட்டது, கால் இருக்கிறது, நடப்பேன். முங்கலாமா என்று கேட்டேன். டாக்டர் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 17, திங்கள்

ஒலிவர் காலையும் மாலையும் வருகிறான். கஞ்சி, முட்டை, சாத்துக்குடி. என் மனைவியின் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது. பேப்பர்காரர் ஒருவர் வந்து அவனைப் படம் பிடித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள், வார்டு பாய், பங்குச் சாமியார் எல்லாருக்கும் அவன்தான் கதை சொல்கிறான். முதல் நாள் எட்டு அடி என்றான், நேற்று பத்து அடி, இன்று பன்னிரண்டு. அடுத்த வாரம் அது கப்பலாகிவிடும்.

ஒன்று மட்டும் கேட்டேன்.

"மாப்ள, நான் கீழ கெடக்கையில நீ போட்டுல என்ன பண்ணுனே?"

"கண்ணாடியில தண்ணி அத்தான். ஒண்ணும் தெரியல. தொடச்சிட்டு எறங்கிருவோம்னு ஏறுனேன். முந்துன நாளும் அப்படித்தான இருந்துச்சு."

உண்மைதான். முந்தின நாளும் அப்படித்தான் இருந்தது. நான்கூட எழுதியிருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

சூசையப்பர் திருநாள். சூசைமணி அண்ணன் தன் பேர் கொண்டாட்டத்துக்கு லட்டு கொண்டு வந்தார். இன்னொரு கையில் ஒரு சாக்குப் பை. அதில் என் கேனும் கயிறும்.

"உன் வீட்டுலயே போட்டிருப்பேன், பூனை இழுத்துரும். அம்புட்டு நாத்தம்" என்றார்.

"என்ன நாத்தம்ணே?"

"மீனு நாத்தந்தான். உன் கயித்துல கெடந்த அஞ்சுல ரெண்டு தலைதான் மிஞ்சுச்சு. அதையும் அறுத்து வீசிட்டேன். கொக்கிய மட்டும் வீச மனசு வரல, அப்படியே மாட்டிக் கெடக்கு. நல்ல எவர்சில்வர் கொக்கி."

"என் கயித்துல ஏதுண்ணே மீனு? ரெண்டையும் உங்க கையிலதான தந்தேன்."

"ஆமா, தந்தே" என்றவர் லட்டை மெல்லுவதை நிறுத்தினார். "அந்த வெப்ராளத்துல, பதட்டத்துல எப்படியோ கலந்துருக்கும்டே. உயிரு பொழைச்சியே, அதப் பாரு."

கொக்கி ஒலிவருடையது. கப்பலில் வேலை பார்க்கும் சிநேகிதன் அவனுக்குக் கொண்டுவந்து தந்தது. நான் செம்புக் கம்பியில்தான் மீன் கோப்பேன், இது எல்லாருக்கும் தெரியும். எப்படியோ கலந்திருக்கும். சூசை அண்ணன் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 20, வியாழன்

கொக்கியைக் கட்டில் கம்பியில் மாட்டிப் பார்த்தேன். அதன் வாயில் ஒரு நாக்கு இருக்கிறது. பெருவிரலால் அழுத்தினால்தான் உள்ளே போய் வழிவிடும். நூலில் கட்டி ஆட்டிப் பார்த்தேன். வீசிப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். முப்பது நாற்பது தடவை இருக்கும். கம்பியில் மோதுகிறது, உரசுகிறது, தானாக மாட்டமாட்டேன் என்கிறது.

"என்ன, மீன் பிடிக்கீங்களா?" என்று நர்ஸ் கேட்டார்.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் மாட்டவில்லை.

மார்ச் 22, சனி

ஒலிவர் வந்து உட்கார்ந்ததுமே கட்டில் கம்பியில் தொங்கிய கொக்கியைப் பார்த்துவிட்டான். பார்க்காததுபோல் சாத்துக்குடி உரித்தான்.

"இது உன்னோடதுதான மாப்ள?"

"அட, ஆமா. இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். எங்க கெடந்துச்சு?"

"என் கயித்துல."

"அலையில சுத்தியிருக்கும் அத்தான்."

"அன்னைக்கு அலை ஏது?"

அவன் கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு, சுளைகளை என் கையில் வைத்தான். நான் வாங்கித் தின்றேன். வேறு என்ன செய்வது? படுத்துக் கிடக்கிறவனுக்குத் தருகிறவன் கைதான் கை.

மார்ச் 23, ஞாயிறு

கொக்கியைக் காணோம். பிரிஸ்காவிடம் கேட்டேன்.

"கண்டதெல்லாம் கட்டில்ல தொங்கப் போட்டிருக்கீங்க. தொடைக்கும்போது எடுத்து அவங்கிட்டயே குடுத்துட்டேன்."

"உங்கிட்ட யாரு குடுக்கச் சொன்னா?"

"அவனோடதுதான?"

அவனுடையது என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவள் ஒரே துண்டை மூன்று தடவை மடித்தாள்.

மார்ச் 24, திங்கள்

ஒலிவர் வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

வரவில்லை. காய்ச்சலாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டையை ஊன்றிக் கக்கூஸ் வரை போய் வந்தேன். தெருவே கைதட்டியது. முட்டாள்கள் தினத்தில் அனுப்பியிருக்கிறார்கள், டாக்டருக்கு விவரம் போதாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

தம்பி ரெமி வந்தான். முப்பது வயதாகிறது, ஒரு பெண் குழந்தை, லேத் பட்டறையில் வேலை. பட்டறையில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலையாம்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் ஒலிவர் கூட முங்கப் போலாம்னு இருக்கேன்ணே. உன் துப்பாக்கி சும்மாதான கெடக்கு?"

"அவன்கூட வேண்டாம்டா" என்றேன்.

"ஏன், அவனவிட நல்ல ஆளு உண்டா? தண்ணிக்குள்ள சொறா நிக்கையில குதிச்சிருக்கான். ஊரே சொல்லுது."

அவன் கடலில் பேர் சொல்லாத ஆள் ஆகவில்லை இன்னும், பட்டென்று சொல்கிறான். காரணம் கேட்டான். பிரிஸ்கா காப்பியோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். ரெமி துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 9, புதன்

கேட்டுவிட்டேன். காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் எழுந்து போக முடியாது, அதனால்தான் அப்போது கேட்டேன்.

"ஒலிவர் தன் மீனை என் கயித்துல மாட்டிட்டுப் போட்டுக்கு ஓடிட்டான். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பஞ்சை எடுத்தாள், வைத்தாள். "தெரியும்."

"எப்ப?"

"அன்னைக்கே. உங்கள ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போயிருந்தாங்க. வராண்டாவுல என் கால்ல விழுந்து அழுதான்."

அன்று மார்ச் பதினொன்றாம் தேதி. இன்று ஒன்பதாம் தேதி. இருபத்தொன்பது நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க உசுரோட இருக்கீங்க. அவனும் உசுரோட இருக்கான். சொன்னா ரெண்டுல ஒண்ணு எனக்கு இல்லாமப் போயிரும். அம்மா சாகும்போது அவன எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாங்க. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க."

"கொக்கிய எடுத்து ஒளிச்சே பாரு, அதச் செய்யாம இருந்திருக்கலாம்."

அவள் அழுதுகொண்டே கட்டை முடித்தாள். முடிச்சு சரியாகப் போட்டாள், இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. எனக்கு அடித்துவிடலாம்போல் ஆத்திரம் வந்தது. சுறாவுக்கு என்னைத் தெரியாது. ரத்தம் கசிந்தது, வந்தது, கடித்தது, அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் என்னைத் தெரியும். பதினான்கு வருடமாக ஒரே சட்டியில் தின்கிறோம். ஏமாந்துவிட்டேன், நம்பிக் கெட்டுப்போய்விட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாகக்கூட இருக்கிறது.

ஒருவன் இன்னொருவனைக் கீழே விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதா? தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு பழக்கமா?

ஏப்ரல் 10, வியாழன்

பேசவில்லை. அவளும் பேசவில்லை. மிக்சி சத்தம் மட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓலைச் சிலுவை கொண்டுவந்து தந்தது. பெரிய வியாழன் அன்று சாமியார் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். ஒலிவர் பேர் முதல் பேர். அண்டைவீட்டாருக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர் என்று கோவிலில் அறிவித்தார்களாம். நான் அண்டை வீடுகூட இல்லை, ஒரே வீடு.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

கட்டையை ஊன்றிக்கொண்டு சாயங்காலப் பூசைக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒலிவர் வெள்ளை வேட்டியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். சாமியார் அவனுடைய வலது காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுத்தார். என் வலது காலைத் தினமும் பிரிஸ்கா கழுவுகிறாள், டெட்டால் ஊற்றி. முத்தம் கிடையாது.

பூசை முடிந்ததும் அவனை மணிக்கூண்டு ஓரத்தில் பிடித்துக்கொண்டேன். ஆளே மெலிந்துபோயிருந்தான்.

"ஒண்ணுதான் மாப்ள. எப்ப பாத்தே?"

அவன் மறைக்கவில்லை. அக்கா சொல்லியிருப்பாள். "நீங்க முங்குன கொஞ்ச நேரத்துல. நான் என் கேனைப் பிடிச்சுக்கிட்டு மிதந்தேன். வெளிம்புல இருந்து ஏறி வந்துச்சு. ஒரு சுத்து சுத்துச்சு. மீனு என் காலுகிட்டத் தொங்குது அத்தான்."

"ஏன் தட்டல?"

"தட்டுனா எம்பக்கம் திரும்பிருமோன்னு... கை வரல."

"சரி, பயம். பயத்துக்கு நான் ஒண்ணும் சொல்லல. கேனை அப்படியே விட்டுட்டு நீந்தியிருக்கலாமே. மீனோட அது நீரோட்டத்துல போயிருக்கும். அதுவும் பின்னால போயிருக்கும். ஏன் கொக்கியக் கழட்டி என் கயித்துல மாட்டுனே?"

கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேர் ஒலிவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் போகும்வரை அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அஞ்சு மீனு அத்தான். அதுல பாறை ஒண்ணு நாலு கிலோ. கேனை விட்டா எல்லாம் போயிருமேன்னு நெனச்சேன். உங்க கேனு பக்கத்துல நகராம நின்னுச்சு. அதுல மாட்டிட்டுப் போட்டுல ஏறிட்டா பெறகு வந்து எடுத்துக்கலாம்னு... நீங்க கீழ இருக்கது அந்த நேரம் எனக்கு நெனப்புலயே இல்ல. சத்தியமா இல்ல. ஏறுன பெறகுதான் நெனப்பு வந்துச்சு. அதான் குதிச்சேன்."

நான்கு கிலோ பாறை மீன். கால் சதை போனதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. கொல்ல நினைத்தான் என்றால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை அவன் நினைக்கவே இல்லை.

"ரெமியக் கூட்டிட்டுப் போகாத. முடியாதுன்னு சொல்லிரு."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அவன் விடமாட்டேங்கான். என்ன காரணம் சொல்ல? நீங்களே அவங்கிட்டச் சொல்லிருங்க. ஊருக்கே சொல்லிருங்க, நான் தல குனிஞ்சு நிக்கேன்." கண்ணைத் துடைத்தான். "நீங்க அப்படி இல்ல அத்தான். நீங்க பாத்திருந்தா சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் அந்தக் குணம் இல்லாமப் போச்சு."

கால் வலித்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். ரெமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். செவ்வாய்க்கிழமை முதல் நாளாம், ஏழுபாகப் பாராம். குழந்தையைப் பிரிஸ்காவிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கி, ஐந்து மீன், இரண்டு தலை, மணிக்கூண்டு.

அவன் நம்பவில்லை. "அவன்தான உன்னைத் தூக்கிட்டு வந்தான்? இனிமே முங்க முடியலங்கிற வயித்தெரிச்சல்ல பேசுதியோன்னு தோணுதுண்ணே, கோவிச்சுக்கிடாத."

"சூசை அண்ணங்கிட்டக் கேளு."

"கேக்காமலா? நீ வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே கேட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்காரு."

"ஒலிவர்கிட்டயே கேளு, ஒத்துக்கிடுவான்."

"அவன் இப்ப இருக்க இருப்புல, நீதான் கடிச்சேன்னு சொன்னாலும் ஒத்துக்கிடுவான். சோறு திங்காம பித்துப் பிடிச்சுக் கெடக்கான்."

"மைனிகிட்டக் கேளு."

உள்ளே குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. பிரிஸ்கா வெளியே வரவில்லை. ரெமியும் கூப்பிடவில்லை. தம்பிக்கு எதிராக அக்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிற அளவுக்கு அவன் கெட்டவன் இல்லை.

"ஒன்பது வருசமா எழுதுதியே, அந்த நோட்டுல இருந்தாக் காட்டு" என்றான். "நீ வாயில ஆயிரம் அளப்பே. நோட்டுல பொய் எழுத மாட்டே. அத நான் நம்புதேன்."

நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

அவன் போன பிறகு பிளேடு எடுத்தேன். மார்ச் பத்தாம் தேதித் தாளை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அந்தத் தாள் போனால் ஒன்றும் குறையாது. கதை பதினொன்றாம் தேதிதான் ஆரம்பிக்கிறது. பிளேடைச் சவரப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. குழந்தை போகும்போது எனக்குக் கையாட்டியது, அது ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு ரெமி வந்தான். துப்பாக்கியும் கையில் இருந்தது, ரப்பர் சரியா என்று பார்க்கச் சொல்லக் கொண்டுவந்திருந்தான். நோட்டைக் கொடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

முதல் பக்கத்தில் சுண்டுவிரல் மீனைப் படித்துச் சிரித்தான். பக்கத்தைத் திருப்பினான். சிரிப்பு நின்றது. நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான். பிறகு தொடர்ந்து படித்தான். கொக்கி, சாத்துக்குடி, பிரிஸ்கா, மணிக்கூண்டு, நேற்று நான் பிளேடு எடுத்தது, எல்லாவற்றையும் படித்துவிட்டுத் திரும்ப அந்தப் பக்கத்துக்கே போனான்.

"அண்ணே, இது அதுக்கு முந்துன நாளா?"

"ஆமா."

"போட்டுல சொல்லல, சரி, பழக்கம். கரைக்கு வந்த பெறகுமா சொல்லல?"

"இல்ல."

"மறுநா காலையில எறங்குறதுக்கு முன்னால?"

"இல்லடா."

"இது ஒலிவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பிரிஸ்கா அடுப்படி வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியும், திரும்பிப் பார்க்கவில்லை. ரெமி எழுந்து நோட்டை மூடி என் மடியில் வைத்தான். துப்பாக்கியை அது வழக்கமாக இருக்கும் மூலையில் சாத்தி வைத்தான், விழாமல் இருக்கிறதா என்று தொட்டும் பார்த்தான்.

"நான் அவன் கூடப் போகலண்ணே" என்றான். "உனக்குக் கால் நல்லாயிட்டாலும், உன் கூடவும் வரமாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு வேண்டியது அவன் போகாமல் இருப்பதுதான். அது நடந்துவிட்டது.

பிரிஸ்கா வந்து கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். இந்த ஒன்பது வருடத்தில் அவள் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. உள்ளே கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இன்றையதை அதன் பிறகுதான் எழுதுகிறேன்.

காற்று: இல்லை. தண்ணீர்: கண்ணாடி என்று சூசை அண்ணன் சொல்லி அனுப்பினார். ஏழுபாகப் பாருக்கு யாரும் போகவில்லை.